தொழில்: எஞ்சினியர்

கண்ணு,

நீ டாக்டர் வேலைக்கு இங்கிலாந்து போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து ஊரே உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. குளிருக்கு என்ன போடுவது, எதைத் தின்னக் கூடாது, ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களிடம் எப்படிப் பேசுவது என்று, பக்கத்து ஊர் சேலியமேட்டைத் தாண்டி ஒரு ராத்திரி வெளியே தங்காதவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "இன்னாம்மா, உனுக்கு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லியா?" என்று நேற்று கேட்டாய். இருக்கிறது. நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், இரண்டும் சேர்ந்தால் விஷயம் தேறாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு கடிதம் எழுத வராதா என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடுவேன். அங்கே போய்ப் படி. கோபம் வந்தால் ஒரு வாரம் கழித்துப் பதில் எழுது, உடனே எழுதாதே.

அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இங்கிலாந்தில் உனக்கு உறவினர் யாராவது உண்டா என்று. 'இல்லை' என்று எழுதினாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உண்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. உனக்கு அங்கே ஒரு தாய்மாமன் இருக்கிறார். உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அவர் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தே நான் அவரைத் தொலைத்தேன். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, இங்கிலாந்துக்காரர், சர்க்கரை ஆலையில் எஞ்சினியர், பாகூரில் இறந்தார் என்று நீ சின்ன வயசிலிருந்து எல்லாப் படிவத்திலும் எழுதியிருக்கிறாய். அதில் எஞ்சினியர் என்பது என் கைவேலை. ஆற்றுக்குத் தெற்கே, பிரிட்டிஷ் பக்கத்து ஆலையில் அவர் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு நட்டு முடுக்கினார், அதுவும் வயிற்றுப்பாட்டுக்கு. யார் கேட்டாலும் அவர் தன் தொழில் என்று சொன்னது வேறு. பந்தாட்டக்காரர். பொழுது போகாமல் ஆடியவர் அல்ல. முதல் யுத்தத்துக்கு முன்னால், அங்கே வடக்கே ஏதோ ஒரு நிலக்கரி ஊரில், வாராவாரம் சம்பளம் வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடினவர். உலகத்தில் அப்படி ஒரு பிழைப்பு இருக்கிறது என்பதையே நம் பக்கத்தில் யாரும் நம்பவில்லை. "பந்து ஒதைக்கறதுக்கு சம்பளமா? அப்போ கோலி ஆடறவனுக்கு பென்சன் குடுப்பானா?" என்று சாராயக்கடையில் கேட்பார்கள். அவரும் சிரிப்பார். பந்து துரை என்றுதான் ஊரில் பெயர்.

அவருடைய தமிழ் முழுக்க என் அம்மாவிடம் கற்றது. அம்மா கடலோரப் பனித்திட்டுக்காரி, ஆலைக் குடியிருப்புக்கு மீன் கொண்டுபோய் விற்றவள். ஆகவே அந்த வெள்ளைக்கார வாயிலிருந்து கடற்கரைத் தமிழ்தான் வரும். "சனிக்கெழம ஆச்சின்னா சொரங்கத்துலருந்து ஏறி, மூஞ்சிகூட கழுவாம வந்து நிப்பானுங்கோ. தோத்தா கல்லு வுடுவானுங்கோ" என்பார். கிளப் என்று ஒன்று. அது ஆட்டக்காரனுடைய பதிவுக் காகிதத்தை வைத்திருக்கும். அது விடாமல் அவன் வேறு எங்கேயும் ஆட முடியாது. சம்பளத்தை நிறுத்தினாலும் ஆட முடியாது. வேண்டாமென்றால் இன்னொரு ஊருக்கு விற்றுவிடும். அவரை ஒரு வெள்ளிக்கிழமை விற்றார்கள். சனிக்கிழமை, முன்பின் பார்க்காத ஊரில், முன்பின் போடாத நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஆடினாராம். அப்புறம் முழங்கால் போயிற்று, சம்பளமும் போயிற்று, யுத்தம் வந்தது, பட்டாளத்தோடு இந்தியா வந்தார், திரும்பவில்லை. இவ்வளவுதான் சொல்வார். "உங்க வூட்ல யாரெல்லாம் இருந்தாங்க?" என்று நான் கேட்டால் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். எனக்கோ எதையும் விடாமல் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சட்டை என்ன நிறம்? ரயிலில் தனியாகப் போனாரா? வழியனுப்ப யாராவது வந்தார்களா? நான் கேட்கக் கேட்க அவர் கொல்லையில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது.

ஆலையிலிருந்து நின்றதும் அவர் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆண்ட இந்தப் பக்கம் வந்து பாகூரில் குடியேறினதற்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் மதுவிலக்கு வரப்போகிறது என்று பேச்சு, இந்தப் பக்கம் கடை. பனித்திட்டுக்கும் நடந்துபோகிற தூரம். கொம்யூன் அலுவலகத்தில், நாங்கள் மேரி என்போமே, அங்கே முறைப்படி பதிந்துதான் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பனித்திட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் முறைத்துவிட்டு, வலை இழுக்கிற கயிற்றுக்கு அவர் ஒரு உருளை செய்துகொடுத்ததும் மருமகன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு ஊரில் விரோதி என்று யாரும் இல்லை. அவரை நினைத்து வெட்கப்பட்டவள் நான் ஒருத்திதான்.

ஏன் வெட்கம் என்று இப்போது யோசித்தால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்கள் தகப்பன் பெயர் சொன்னால் நிலம், கரும்பு, ஏர் என்று ஏதாவது பின்னால் வரும். நான் சொன்னால் சிரிப்பு வரும். ஐம்பத்து நாலில் மேரியில் மூவர்ணக் கொடி ஏறினபோது எனக்குப் பதினாறு வயது. ஊர்ப் பிரதிநிதிகள் கீழூருக்குப் போய் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஊரெல்லாம் வெடி. யாரோ வந்து, "துரை, நாங்கல்லாம் இனிமே இந்தியாவாம். உன்ன இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டதற்கு, "என்னக் கேட்டா அந்தக் கிளப்புக்கு வித்தானுங்கோ? சட்டய குடுத்தா போட்டுக்கினு ஆட வேண்டிதுதான்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாட்டையே பந்தாட்டமாகப் பேசுகிறாரே என்று அவ்வளவு எரிச்சல். இன்று யோசித்தால், அன்று பாகூரில் பேசப்பட்ட நூறு பேச்சில் புத்தியுள்ள பேச்சு அதுதான் என்று தோன்றுகிறது.

அடுத்த சித்திரையில் ஏரி வற்றினது. எல்லைச் சாவடி போன சந்தோஷத்தில் நம் பையன்களும் கடலூர்ப் பக்கத்துப் பையன்களும் ஏரிக்குள் பந்து ஆடினார்கள். எல்லோரும் வெறுங்கால். அப்பா கரையோரம் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். எழுபதை நெருங்கின வயசு, ஒரு கால் மடங்காது. நான் அம்மாவோடு கரைமேல் இருந்தேன். யாரோ ஓங்கி உதைத்த பந்து மேலே போய், கண் கூசும் வெயிலிலிருந்து நேராக அவர்மேல் இறங்கியது. "தள்ளு துரை!" என்று கத்தினார்கள். அவர் தள்ளவில்லை. தடியை விட்டார். நல்ல காலை அரையடி தூக்கி, பந்து தொடும்போது மெல்லக் கீழே இறக்கினார். அவ்வளவு உயரத்திலிருந்து வந்தது ஒரு சத்தம் இல்லாமல் அவர் பாதத்தின் பக்கத்தில் நின்றுவிட்டது. துள்ளவே இல்லை. அதைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து தடியை எடுத்துக்கொண்டார். ஆட்டம் நின்றுபோய் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் சொன்னதெல்லாம் நிஜம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். பிறகு நான் சொன்ன பொய், தெரியாமல் சொன்னது அல்ல.

அறுபத்தொன்றில் இறந்தார். காய்ச்சல், மூன்று நாள். மறுநாள் மேரிக்குப் போய் நான்தான் பதிந்தேன்; வீட்டில் படித்தவள் நான்தானே. குமாஸ்தா புதுசு, ஒல்லியாக, பேனாவைக் கழுவிக் கழுவி எழுதுகிற ஆள். பெயர், வயது, பிறந்த நாடு எல்லாம் கேட்டுவிட்டு, "தொழில்?" என்றார். எனக்குப் பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டிருந்த நேரம் அது. என் காகிதங்களில் தகப்பன் தொழில் பந்தாட்டம் என்று இருந்தால் பார்க்கிற அதிகாரி சிரிப்பானே என்று ஓடியது புத்தி. "எஞ்சினியர்" என்றேன். குமாஸ்தா தலையை நிமிர்த்தி என்னை ஒரு தரம் பார்த்தார். பந்து துரையை அறியாதவர் பாகூரில் யார்? அப்படியே எழுதினார். அந்தக் குமாஸ்தாதான் பின்னால் உன் அப்பா. நாங்கள் முதல்முதல் பேசினது இதுதான் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. சொல்லும்படியாகவா இருக்கிறது?

அடுத்த வருஷம் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரனிடமிருந்து சட்டப்படி எல்லாம் கைமாறி முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பிறப்பு, கல்யாண, சாவுப் பதிவுகளுக்கு நகல் கேட்டு மேரியில் திருவிழாக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருநாள் உன் அப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மா பனித்திட்டுக்குப் போயிருந்தாள்.

"இங்கிலாந்துலருந்து மேரிக்கு ஒரு கடுதாசி வந்துருக்குங்க. தேடறது உங்க அப்பா பேருதான். ஆனா பந்தாட்டக்காரராம். அவரோட புள்ள எழுதியிருக்காரு" என்றார்.

அப்பா பெயர், இங்கே முருகன் மாதிரி, அங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அதுதான் எனக்கு உதவியது. "எங்க அப்பா எஞ்சினியரு" என்றேன்.

"அது ஆக்த்துல, சாவுப் பதிவுல, இருக்குங்க, நான்தானே எழுதினேன். நான் கேக்கறது அத இல்ல."

"ஆக்த்துல இருக்கறத எழுதுங்க. அதானே உங்க வேல?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "பதிவ திருத்தணும்னா ட்ரிபுனல் கோர்ட்டுக்குப் போவணும். போனா எல்லாத்தையும் தோண்டுவாங்க. எழுதினவரோட அம்மா, உங்க அப்பாவோட மொத சம்சாரம், போன வருசந்தான் செத்தாங்களாம், சீமையில. உங்க அம்மா கல்யாணத்தப்போ அவங்க உயிரோட இருந்துருக்காங்க. அது உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன். இப்போ சொல்லுங்க, இன்னா எழுதட்டும்?"

கண்ணு, அம்மாவின் கல்யாணம் செல்லாது என்று ஆகும். ஊர் அம்மாவை என்ன பெயரால் கூப்பிடும் என்று எனக்குத் தெரியும். நானும் முறையில்லாமல் பிறந்தவள் என்று ஆவேன். கையில் அப்போதுதான் வேலை உத்தரவு வந்திருந்தது. "அவுரு எஞ்சினியரு" என்று மறுபடி சொன்னேன். உன் அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அன்று நன்றாகச் சாப்பிட்டேன். அடுத்த வருஷம் உன் அப்பா பெண் கேட்டு வந்தார். இரக்கப்பட்டா, ரகசியம் தெரிந்த தைரியத்திலா, நிஜமாகவே பிடித்துத்தானா என்று நான் கேட்டதே இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை. நீ அப்படி இருக்காதே. யாரையாவது கட்டிக்கொள்ளும்போது ஏன் என்று முதலிலேயே கேட்டுவிடு.

உனக்கு ஒரு வயசு ஆகி மொட்டை போட்டுக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாருங்க? புள்ளய மடியில வச்சிக்கினு உக்காருங்க" என்றார். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை என்பதால் பனித்திட்டிலிருந்து பெரியம்மா மகனை வரச் சொல்லியிருந்தோம். அவரும் எனக்கு அண்ணன்தான், உனக்கு மாமன்தான், முறையில் குறை ஒன்றும் இல்லை. வேட்டியும் துண்டுமாக வந்து உட்கார்ந்தார். அப்போது என் அம்மா என் காதோரம் குனிந்து, "இன்னா இருந்தாலும் சொந்த மாமன் சீமையில கீறான்டி. அவன் மடியில குந்த இந்தப் புள்ளைக்குக் குடுப்பினை இல்ல" என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி முழிக்கிற? கண்ணாலத்துக்கு மின்னியே எல்லாம் சொல்லிட்டாரு. பொண்டாட்டி கீறா, ஒரு புள்ள கீறான், மூஞ்சி பாக்க வெக்கம், அதான் போவலன்னாரு. ஊருக்குத்தான் ஒளிச்சாரு, எனக்கு ஒளிக்கல. நான் தெரிஞ்சிதான் கட்டிக்கினேன்."

நீ காது குத்தின வலியில் வீறிட்டு அழுதாய். நானும் அழுதேன். பிள்ளைக்கு வலிக்கிறதே என்று அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவை நான் காப்பாற்றவே இல்லை. அவளுக்குக் காப்பாற்ற ஆள் தேவைப்படவும் இல்லை. நான் காப்பாற்றினது என்னை. அந்தக் கடிதம் வந்த அன்றே, பதிலாக இரண்டு வரி எழுதலாமா என்று அவளைக் கேட்டிருந்தால், "எழுது" என்றுதான் சொல்லியிருப்பாள். மற்றவர்களுக்காகச் செய்கிறோம் என்று ஒரு பொய்யைத் தொடங்குமுன், அந்த மற்றவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடு என்பதுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய ஒரே புத்தி. குளிருக்கு என்ன போடுவது என்பது அதற்கு அப்புறம்.

ஏன் அப்போதாவது எழுதவில்லை என்று கேட்பாய். முதலில் மூன்று வருஷம் தாமதம் என்று கூச்சம். பிறகு பத்து வருஷம் என்று பயம். அப்புறம் அவர் இறந்திருப்பார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். உன் அப்பா போன பிறகு அவருடைய காகிதங்களை ஒழிக்கும்போது அந்தக் கடிதம் கிடைத்தது. மேரியில் இருக்க வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து இத்தனை வருஷம் வைத்திருக்கிறார், அதுவும் நான் எடுத்துத் துடைக்கிற அலமாரியிலேயே. கூடவே, அவர் அனுப்பின பதிலின் நகல். 'பதிவேட்டில் உள்ளபடி, இந்தப் பெயர் கொண்ட எஞ்சினியர் ஒருவர் இவ்வூரில் காலமானார். பந்தாட்டக்காரர் எவரும் பதிவில் இல்லை' என்று எழுதியிருக்கிறார். பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. தன் தகப்பன் வேறு யாரோ என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டு, தேடுவதை அத்தோடு விட்டிருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை நான் முதல்முதலாகப் படித்தது அன்றைக்குத்தான். அவர் பஸ் ஓட்டுகிறவராம். தகப்பன் பாகூரில் இருப்பதாகப் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் சொல்லித்தான் மேரிக்கு எழுதினாராம். தகப்பனை வேறு ஊருக்கு விற்ற அதே வாரத்தில் பிறந்தவராம். எந்தச் சொத்தும் தனக்கு வேண்டாம், யார்மேலும் கோபமில்லை, தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறார். தகப்பன் அங்கே எப்படி வாழ்ந்தார், யாராவது அவரைக் கவனித்துக்கொண்டார்களா, அதற்கப்புறம் எப்போதாவது பந்தைத் தொட்டாரா என்று மூன்று கேள்வி. கொல்லைப்பக்கம் வரை துரத்தித் துரத்தி நான் கேட்ட கேள்விகளின் மறுபாதி, சமுத்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் இன்னொருவர் மனசில் இருந்திருக்கிறது. சட்டை என்ன நிறம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஏரியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அந்த மனிதர் முழுசாகக் கிடைத்திருப்பார்.

கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். மேலே முகவரி இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தேன், உன் ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. நீ முதல் சம்பளம் வாங்கும்வரை காத்திருக்காதே, நல்ல நாள் பார்க்காதே, எனக்குக் கடிதம் போட்டுக் கேட்காதே. முதல் விடுமுறை நாளில் போ. வீடு மாறியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரி. அவர் இல்லையென்றால் பிள்ளைகள் இருப்பார்கள். கருவாடு எடுத்துப்போகிறேன் என்று அடம்பிடிக்காதே, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, அவருக்குப் புரிகிற இங்கிலீஷில் சொல். நான் செய்ததையும் மறைக்காமல் சொல். திட்டினால் கேட்டுக்கொள், எனக்குச் சேர வேண்டியது அது. ஆனால் அதெல்லாம் உள்ளே போன பிறகு. வாசலில் நிற்கும்போது டாக்டர் என்று சொல்லாதே, எந்த ஊர், எந்த நாடு என்று ஆரம்பிக்காதே. கதவைத் திறந்து, யார் நீ என்று கேட்பார். உங்கள் தங்கையின் மகன் என்று சொல். தனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று அவருக்கு இன்னும் தெரியாது, கண்ணு.

உன் அம்மா